புல்லும் சோலையும் சந்திக்கும் விளிம்பு: நீலகிரி, ஆனைமலை உயர்நிலங்கள் பற்றிய ஒரு சூழல் வரலாறு, 1819–2022

கோவை கணபதியில், டெக்ஸ்டூல் நிறுத்தத்தைச் சுற்றி இயந்திரப் பட்டறைகள் பெருகுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதற்கான அடித்தளம் நீலகிரியில் போடப்பட்டுவிட்டது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் முப்பதுகளில் கோவையின் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பாசனக் கிணறுகளில் மோட்டார் பொருந்தியது. பம்பு செய்யும் தொழில் வேர்பிடித்தது. பைக்காரா ஆற்றின் தலைப்பகுதி முக்குருத்திச் சிகரத்தை ஒட்டிய உயர்நிலம். அங்கே காடு பள்ளங்களில் மட்டுமே இருக்கிறது. மேடுகளும் சரிவுகளும் புல். காடுதான் ஆற்றைத் தருகிறது என்று பள்ளியில் படித்தவர் அந்த நிலத்தின் முன் நின்றால் சற்றுக் குழம்பித்தான் போவார்.

சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த அமைப்பில் இரண்டுக்கும் நடுவே உள்ள விளிம்பு ஏன் அங்கே விழுந்தது? அது நகர்கிறதா, நிலைத்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு இரு நூற்றாண்டுகளாக வந்த விடைகளையும், அந்த விடைகள் நிலத்தின்மீது செய்த வேலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இதைத் தாவரவியலாளரின் தனிக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. புல்வெளி இயற்கையாக அமைந்தது என்றால் அதை அப்படியே விடவேண்டும். அழிந்துபோன காட்டின் மிச்சம் என்றால் அங்கே மரம் நடலாம். விடையைப் பொறுத்தே வனத்துறையின் நாற்றங்கால் வேலை செய்தது. புல்வெளியை அறியாமையால் இழந்தோம் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆவணங்களின் கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. சரியான விடைக்கு மிக நெருங்கிய ஓர் ஆய்வு 1938லேயே வெளிவந்துவிட்டது. பெருமளவு நடவு அதற்குப் பிறகுதான் நடந்தது.

நிலத்தின் அமைப்பு

நீலகிரி பீடபூமியின் உயர்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டரில் விரிந்திருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஆனைமலையில், வால்பாறைக்கு மேலே, கிராஸ் ஹில்ஸ் என்றே அழைக்கப்படும் புல்மலை. அதற்குக் கிழக்கே பழனிமலை. கொங்கு நாட்டின் பவானியும் ஆழியாறும் அமராவதியும் இத்தகைய உயர்நிலங்களிலிருந்துதான் நீர் பெறுகின்றன.

சோலை மரங்கள் குட்டையானவை, கவிகை நெருக்கமானது, கிளைகளில் பாசியும் ஆர்க்கிட்டும் படர்ந்திருக்கும். உள்ளே நுழைந்தால் வெளிச்சமும் காற்றும் ஒருசேர அடங்கிவிடும். வெளியே சில அடி வைத்தால் முழங்கால் உயரப் புல், திறந்த வானம். இரண்டுக்கும் இடையிலான மாற்றம் பல இடங்களில் ஒரு சில மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பட்டையில் தவிட்டுப்பழச் செடியும் குறிஞ்சி வகைகளும் முள்ளுடைய காட்டுப் பழச்செடிகளும் நிற்கும். திறந்த புல்லில் தனித்து நிற்கத் துணிந்த சொந்த மரம் ஏறக்குறைய ஒன்றுதான்: செந்நிறப் பூக்கொத்துடைய காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான். உறைபனியையும் தீயையும் அது ஓரளவு தாங்கும். விலங்குகளும் விளிம்பைப் பிரித்தே பயன்படுத்துகின்றன. நீலகிரி நெட்டைக்காலி புல்லை விட்டு அகலாத பறவை. நீலகிரிச் சிரிப்பான் சோலையைச் சார்ந்தது. வரையாடு மேய்வது புல்லில், ஒதுங்குவது பாறைச் செங்குத்தில்.

மிதவெப்ப மண்டலத்தில் இதற்கு ஒப்பான நிலம் கனடாவின் பிரெய்ரி மாகாணங்களில் இருக்கிறது. தெற்கே பிரெய்ரி புல்வெளி, வடக்கே ஊசியிலைக் காடு, நடுவே ஆஸ்பென் தோப்புகளும் புல்லும் கலந்த நீண்ட பட்டை. ரால்ஃப் பேர்ட் 1961இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அங்கே ஈரப்பதம் தெற்கிலிருந்து வடக்கே படிப்படியாகக் கூடுகிறது. எனவே எல்லையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் மெல்ல மாறுகிறது. காட்டெருமை மந்தைகள் கொல்லப்பட்டு, புல்தீயும் அடக்கப்பட்டபின், ஆஸ்பென் மரங்கள் புல்லுக்குள் முன்னேறின. நம் மலையில் அதே போட்டி ஒரே பள்ளத்தின் இரு கரைகளுக்குள் நடக்கிறது. அளவு வேறு, காரணிகளும் வேறு. ஆனால் தீயும் மேய்ச்சலும் குளிரும் மரத்தின் நாற்றை எந்த வயதில் தாக்குகின்றன என்பதே இரண்டு இடங்களிலும் எல்லையைத் தீர்மானிக்கிறது.

கலெக்டரின் கண்ணில் பட்ட புல்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் நீலகிரிக்கு ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டு விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு உதவியாளர்கள் ஏறிப் பார்த்துவந்து சொன்னதே அவரைத் தூண்டியது. இடையில் சில ஆண்டுகள் ஒரு பகுதி மலபாரோடு சேர்ந்திருந்ததைத் தவிர, 1868இல் தனி நிர்வாகம் அமையும்வரை நீலகிரி கோவை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே இந்த விளிம்பின் தொடக்ககால ஆவணங்கள் ஒருவகையில் கோவையின் ஆவணங்களே.

வந்தவர்கள் புல்மேடுகளைப் பார்த்துத் தங்கள் நாட்டின் மேய்ச்சல் குன்றுகளை நினைத்துக்கொண்டார்கள். அழகு என்று வியந்தார்கள்; பிறகு விறகுக்குத் திண்டாடினார்கள். உதகை ஊராக வளர வளர அருகிலிருந்த சோலைகள் அடுப்புக்குப் போயின. இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் பின்னாளின் சிக்கல். ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரம் 1832 வாக்கில் நீலகிரிக்கு வந்தது, யூகலிப்டஸ் 1843இல். மலைக்காரர்கள் முதலாவதைச் சீகை மரம் என்றும் இரண்டாவதைக் கற்பூர மரம் என்றும் சொந்தப் பெயரிட்டு அழைக்குமளவுக்கு அவை ஊன்றிவிட்டன. தொடக்கத்தில் நட்டது விறகுத் தோப்புக்காக, ஊரை ஒட்டிச் சிறு அளவில். சோலையைக் காப்பாற்ற வெளிமரம் நடுவது அன்றைய சூழலில் நியாயமாகவே பட்டிருக்கும். நடுவதற்கான இடத்தை எப்படித் தேர்ந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: மரமில்லாத இடம் காலி இடம். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல், வருவாய்க் கணக்கில் பயன்படாத நிலமாகத் தெரிந்தது.

1856இல் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹ்யூ கிளெகார்ன் 1858இல் ஆனைமலையின் உயர்தொடருக்கு ஒரு பயணம் சென்றார். அதன் அறிக்கை 1861இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் வெளியீட்டில், தலைப்பிலேயே கோயம்புத்தூரின் பெயரோடு அச்சானது. சோலைகள் அழிவதைப் பற்றிக் கவலைப்பட்ட ஆரம்பகால அதிகாரிகளுள் அவர் முக்கியமானவர். அந்தக் கவலை மரத்தோடு நின்றுவிட்டது. 1882இன் மதராஸ் வனச் சட்டம் வந்தபின், வறண்ட மாதங்களில் முதிர்ந்த புல்லுக்குத் தீயிட்டுப் புதுத்தளிர் வரவைக்கும் தோடர் வழக்கமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தீ என்றால் காட்டுக்கு எதிரி என்பதில் அன்றைய வனவியலுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் காலத்தில் புல்வெளிக்குச் சட்டத்தின் நிழல் கிடைத்ததென்றால் அது பெரும்பாலும் வேட்டைக்காரர்களால்தான். 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தோன்றியது. 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1890களில் ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய வென்லாக் டவுன்ஸ், குதிரைமீது நாய்களோடு நரி துரத்தும் விளையாட்டுக்கு வேண்டிய திறந்த மைதானமாகவே காப்பாற்றப்பட்டது. புல்லைப் புல்லாக வைத்திருக்க ஒருவருக்கேனும் காரணம் இருந்தது. அந்தக் காரணம் சூழலியல் அல்ல.

கோவை நிறுவனங்களின் பங்கு

வனத்தைப் பற்றித் தென்னிந்தியா எங்கே படித்தது என்று கேட்டால், பாதி விடை கோவைதான். 1902இல் காஸ் வன அருங்காட்சியகம் தொடங்கியது. 1912இல் மதராஸ் வனக் கல்லூரி வந்தது. வேளாண் கல்லூரி அதற்கு முன்பே இருந்தது. மாகாணத்தின் வன அலுவலர்கள் இங்கே பயின்று மலைக்குப் போனார்கள். பயிற்சியின் மையம் மரம்: அதன் வயது, பருமன், வெட்டுச் சுழற்சி, விலை.

இருந்தும் புல்லைக் கூர்ந்து பார்த்தவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். வேளாண் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியர் கே. ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியாரின் துணையோடு எழுதிய தென்னிந்தியப் புல்வகைக் கையேடு 1921இல் வெளியானது. அதே ஆண்டு சி.இ.சி. ஃபிஷர், கோயம்புத்தூர் மாவட்ட ஆனைமலையின் தாவரங்கள் பற்றிய தம் கணக்கெடுப்பை வெளியிட்டார். வன அலுவலராயிருந்து, பின்னர் கியூ தாவரவியல் தோட்டத்தில் கேம்பிளின் மதராஸ் தாவர நூலை முடித்துக் கொடுத்தவர் இவர். நீலகிரியின் சதுப்புகளில் மட்டுமே வளரும் ஒரு புல்லுக்கு ஃபிஷர் இட்ட அறிவியல் பெயர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. தோடர்கள் தங்கள் கோயில்களின் கூரை வேய்வது அந்தப் புல்லைக் கொண்டுதான். ஒரு கோவை ஆசிரியரின் பெயரைத் தாங்கிய அந்தப் புல், தான் வளரும் சதுப்புகள் மரம் நட்டு வற்றவைக்கப்பட்டதால் இன்று அருகிவிட்டது. தாவரவியல் பட்டியலில் ஓர் இனத்தைச் சேர்ப்பதும் அது வாழும் நிலத்தை நிலமாக மதிப்பதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புல்லோடு அங்கங்கே மரம் நிற்கும் நிலத்தைத் தரிசு என்று பார்க்காத பார்வை கொங்கு மண்ணில் இல்லாமலும் இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு அதற்குச் சாட்சி. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடைவிட்டு நிற்கும் வெள்வேல். காங்கேயம் மாடு வளர்ந்தது அதில்தான். வெள்வேல் நெருங்கி வளர்ந்தால் புல் போய்விடும் என்பது அங்குள்ள குடியானவருக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. அந்த அறிவு மலையேறவில்லை.

1938இன் இரு கட்டுரைகள்

1930களில் கேள்வி முதன்முதலாக முறையாக எழுப்பப்பட்டது. பின்புலத்தில் இருந்தது அமெரிக்கரான ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸின் உச்சநிலைக் கோட்பாடு. ஒரு தட்பவெப்பத்துக்கு ஒரு முதிர்ந்த தாவர அமைப்புதான் உண்டு. மற்றவை அதை நோக்கி நகரும் படிகள் அல்லது அதிலிருந்து சரிந்த நிலைகள் என்பது அதன் சாரம். எச்.ஜி. சாம்பியன் 1936இல் இந்தியா, பர்மா வனவகைகளை வகுத்தபோது இந்தச் சட்டகத்தையே பயன்படுத்தினார். நீலகிரிக்கு அதைப் பொருத்தினால் சோலைதான் உச்சநிலை. புல்?

1938இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இரு விடைகள் வந்தன. என்.எல். போர் நீலகிரித் தாவரங்களைப் பற்றி எழுதி, புல்வெளி தீயாலும் மேய்ச்சலாலும் உண்டானது என்ற பக்கம் நின்றார். அசாம் மலைகளில் வேலை செய்தவர் அவர். அங்கே காடெரித்துப் பயிரிட்டபின் புல் பரவுவதைக் கண்ணால் கண்டவர். பிற்காலத்தில் இந்தியப் புல்வகைகளின் மிகப்பெரும் அறிஞராகப் பெயர்பெற்ற ஒருவரே நீலகிரிப் புல்வெளியை இரண்டாம்தரமாகக் கணித்தார் என்பதை என்னவென்று சொல்ல?

மற்றவர் சி.ஆர். ரங்கநாதன், மதராஸ் வனத்துறை அலுவலர். அவர் எடுத்துக்கொண்டது உறைபனி. குளிர்கால இரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது திறந்த புல்வெளி வேகமாக வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. விடியும்முன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. சில மணி நேரத்தில் சுள்ளென்று வெயில். தேயிலைத் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் கருகிய கொழுந்தைப் பார்த்து நொந்துகொள்வது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். சோலை மரத்தின் நாற்று கவிகைக்குள் இதிலிருந்து தப்பிக்கும். வெளியே விழுந்த விதை முளைத்தாலும் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. புல்லுக்கோ வளரும் முனை தரையை ஒட்டி இருக்கிறது. மேலே கருகினாலும் கீழிருந்து துளிர்க்கும். எனவே இந்த உயரத்தில் ஒரே தட்பவெப்பத்துக்கு இரண்டு நிலையான அமைப்புகள் அருகருகே இருக்க முடியும் என்பதே அவர் முடிவு.

இந்த வாதத்தின் துணிச்சல் இன்று எளிதில் விளங்காது. சாம்பியன் வகுத்த சட்டகத்துக்குள் பணிபுரிந்த ஓர் அலுவலர், அந்தச் சட்டகத்தின் ஒற்றை உச்சநிலையையே மறுத்தார். பிறகு 1960களில் வி.எம். மெஹர்-ஹோம்ஜியும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்து லெக்ரி, பிளாஸ்கோ ஆகியோரும் தட்பவெப்பக் காரணங்களை மேலும் ஆராய்ந்தார்கள். விவாதம் ஆய்விதழ்களில் உயிரோடு இருந்தது. அலுவலகத்தில் அது முடிந்துபோயிருந்தது. 1968இல் சாம்பியனும் எஸ்.கே. சேத்தும் திருத்தி வெளியிட்ட வனவகைப் பட்டியலில் சோலைக்கு 11ஏ/சி1 என்ற குறி கிடைத்தது. மலைப் புல்வெளிக்கு அதே எண்ணோடு டி.எஸ்.2 என்ற ஒட்டு. டி.எஸ். என்பது சீரழிந்த நிலையைக் குறிக்கும் சுருக்கம். ரங்கநாதன் எழுதி முப்பது ஆண்டுகள் கழித்து, நாடு முழுவதும் வனச் செயல்திட்டங்கள் எழுதப் பயன்படும் பட்டியல், புல்வெளியைச் சீரழிந்த சோலை என்றே பதிந்துவைத்தது. இந்த ஒட்டை ஒரு நூலகச் சிக்கலாக நான் பார்க்கவில்லை. சீரழிந்தது என்று எழுதியபின் அதைச் சீராக்க நிதி கேட்பது எளிது.

சீகையும் சிறுமுகையும்

ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் கேட்பு பல திசைகளிலிருந்து வந்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டையின் டானின் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடியோடு கொங்கு நாட்டின் ஈரோட்டிலும் தோல் தொழில் இருந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை மரக்கூழிலிருந்து ரேயான் இழை எடுத்தது. மலையின் கற்பூர மரமும் சீகையும் லாரியில் இறங்கின. கீழே அதே ஆலையின் கழிவால் பவானி கெட்டது. மாசுக்கு எதிரான போராட்டங்களுக்குப் பின் ஆலை மூடப்பட்டது. பவானியின் நீர்ப்பிடிப்பில் ஊறிய தண்ணீரை மேலே மரமும் கீழே ஆலையும் இருமுறை எடுத்துக்கொண்டன என்று சொன்னால் மிகையில்லை.

1950களிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய மூன்றிலும் நடவு நடந்தது. மின்நிலையங்களின் நீர்ப்பிடிப்புகளிலும் நட்டார்கள். மரம் மழையைத் தரும், மண்ணைப் பிடிக்கும், அணைக்குள் வண்டல் சேராது என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையை அளந்து பார்த்த நிலையமும் உதகையிலேயே இருந்தது. மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பைக்காரா பக்கத்துக் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரு சிறு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் இரண்டின் நீரோட்டத்தையும் அளந்தபின், 1972இல் ஒன்றில் மட்டும் அதன் பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஆண்டு நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது என்று 1988இல் வெளியிட்டார்கள். மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு ஏறத்தாழ கால் பங்காகியது. கோடையில் ஓடையைத் தாங்கும் ஊற்றுநீர்தான் அதிகம் அடிபட்டது. புல்வெளியின் கருத்த மண்ணும் அதன் நடுவிலுள்ள சதுப்புகளும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுபவை. ஆழவேர் மரம் அந்த இருப்பை ஆண்டு முழுவதும் உறிஞ்சுகிறது.

இந்த முடிவு வெளிவந்தபோது நடவு ஓய்ந்துகொண்டிருந்தது. மரங்கள் ஓயவில்லை. சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும். தீ பட்டால் விழித்து ஒரே நேரத்தில் முளைக்கும். தோட்டத்தின் ஓரத்திலிருந்து அது தானே புல்லுக்குள் நடந்தது. ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சள் பூப்புதரும் கூடவே பரவியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ம. அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட குழு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழனிமலையில் 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் 66 விழுக்காடும் சோலையின் 31 விழுக்காடும் போய்விட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்ட அவர்களது அடுத்த ஆய்வு, 1973 முதல் 2017 வரை 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதாவது இருந்ததில் 23 விழுக்காடு, அயல்மரங்களுக்குள் மறைந்ததைக் காட்டியது. காடழிப்பைப் பற்றி மட்டும் கவலைப்படும் கணக்கில் இந்த இழப்பு பசுமைப் பரப்பின் கூடுதலாகப் பதிவாகும்.

சதுப்பின் காலக்கணக்கு

போருக்கும் ரங்கநாதனுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க ஒரே வழி, மனிதர் வருமுன் மலை எப்படி இருந்தது என்று காண்பது. உதகை அருகே சாண்டிநல்லாவின் சதுப்புகளில் பீட் எனப்படும் மட்கிய தாவர மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. பீர்பால் சாகினி நிறுவனத்தின் விஷ்ணு மித்ரேயும் எச்.பி. குப்தாவும் 1971இல் இந்த மலைச் சதுப்புகளின் மகரந்தத்தை ஆராய்ந்து சோலையின் தோற்றம் பற்றி எழுதினார்கள். திருப்புமுனை 1993இல் வந்தது. ராமன் சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, மகரந்தத்துக்குப் பதில் கார்பனை எடைபோட்டது. வெப்ப நிலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை வெவ்வேறு வேதிவழியில் எடுக்கின்றன. அதனால் கனமான கார்பன் அணுக்களின் விகிதம் இரண்டிலும் வேறுபடும். மட்கிய பின்னும் அந்த விகிதம் மாறாது.

கிடைத்த படம் இது: ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், மலை வறண்டு புல் மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து மரமும் ஈரத் தாவரங்களும் கூடின. 6,000 ஆண்டுகளுக்கும் 3,500 ஆண்டுகளுக்கும் இடையே மீண்டும் வறட்சி, மீண்டும் புல். தோடரின் எருமையோ படகரின் கலப்பையோ இந்தப் பழைய அடுக்குகளுக்குப் பொறுப்பாக முடியாது. புல்வெளி மனிதனின் படைப்பு என்ற வாதம் இத்துடன் தன் அடிப்படையை இழந்தது.

அதற்காகத் தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று தாவிவிடக் கூடாது. 2007இல் கானே உள்ளிட்டோர் மண்ணின் கார்பனை வைத்துச் செய்த ஆய்வு, பீடபூமியின் எல்லாப் பகுதிகளும் ஒரே தாளத்தில் மாறவில்லை என்று காட்டியது. மேற்கே மழை மிகுந்த குந்தா பக்கமும் கிழக்கே மழைநிழல் பக்கமும் தனித்தனி வரலாறு உடையவை. பிற்கால ஆயிரமாண்டுகளில் தீயும் எருமையும் சில இடங்களில் விளிம்பைப் புல்லின் பக்கம் சாய்த்திருக்கலாம். ஆனால் மூலம் பழமையானது. சாய்வு மட்டுமே புதியது. போர் முழுக்கத் தவறவில்லை, ரங்கநாதன் முழுக்க முடித்துவைக்கவுமில்லை என்பதே என் மதிப்பீடு. நாற்று ஏன் வெளியில் பிழைப்பதில்லை என்பதை அவர் ஊகித்தார். நட்டுப் பார்த்து எண்ணவில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் 2020இல் வந்தார்கள். அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் நீலகிரியில் சொந்த மரங்களின் நாற்றையும் சீகை நாற்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். திறந்த புல்லின் உறைகுளிரில் சொந்த மர நாற்றுகள் பெரும்பாலும் மாண்டன. சீகை நாற்றுகள் கூடுதலாகப் பிழைத்தன. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ரங்கநாதனின் உறைபனி வாதம் களத்தில் உறுதியானது. ஒரு கவலையும் சேர்ந்தது. எல்லையைக் காத்துவந்த காவல் குளிர்கால இரவின் குளிர். அயல்மரம் அதைத் தாண்டுகிறது. இரவு வெப்பம் உயர்ந்தால் காவலே தளரும்.

கொள்கை திரும்பிய பிறகு

முக்குருத்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அதன் 78 சதுர கிலோமீட்டரில் வரையாட்டுக்காகவே புல்வெளி காக்கப்படுகிறது. ஆனைமலையின் புல்மலை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஓரளவு தப்பித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அயல்மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபின், 2022இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023இல் வரையாடு திட்டம் தொடங்கியது. தமிழகத்தின் நிர்வாக வரலாற்றில் ‘மரத்தை வெட்டு, புல் வளரட்டும்’ என்று அரசே சொல்லும் காலம் இது.

அகற்றும் வேலைக்குள்ளும் பழைய பார்வை ஒளிந்திருக்கிறது. ஒரு தரப்பு முதிர்ந்த தோட்டங்களை மொத்தமாக வெட்டச் சொல்கிறது. பழனிமலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவற்றின் நீண்ட அனுபவம் வேறு: நிழல் கட்டிய பழைய தோட்டங்களுக்குள் சோலை நாற்றுகள் தாமே வந்துவிட்டன. உறைபனியிலிருந்து அவற்றைக் காப்பது அந்த அயல்மரங்களின் கவிகையேதான். அங்கே மொத்தமாக வெட்டினால் சோலை நாற்றும் போகும், மண்ணில் கிடக்கும் சீகை விதையும் விழிக்கும். புல்லும் திரும்பாது. செலவும் பலனும் ஒத்துவருவது வேறு இடத்தில்: உயிருள்ள புல்வெளிக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கும் சிறு சீகைகளை ஆண்டுதோறும் பிடுங்குவது. பார்க்க எடுப்பாக இராது, திறப்பு விழா நடத்தவும் இடமில்லை. இருக்கும் பணத்தின் பெரும்பகுதியை அங்கேதான் போடவேண்டும். டி.எஸ்.2 என்ற ஒட்டையும் வனச் செயல்திட்டங்களிலிருந்து எடுத்துவிட்டு, மலைப் புல்வெளிக்குத் தனிக்குறி கொடுக்க வேண்டும்.

கோவையில் ஞாயிறுதோறும் மரக்கன்று நடும் குழுக்களுக்குக் குறைவில்லை. குளக்கரைகளிலும் சாலையோரங்களிலும் அவர்கள் செய்யும் வேலை நல்ல வேலை. கன்றுகளோடு மலையேறத் திட்டமிடுவோரிடம் ஒரே வேண்டுகோள்: சொந்தச் சோலை மரக்கன்றாகவே இருந்தாலும், மேலே புல்மேட்டில் குழி தோண்டாதீர்கள், நேரமும் கையுறையும் இருந்தால், வனத்துறையின் அனுமதியோடு அங்கே சீகை நாற்றைப் பிடுங்கப் போங்கள்.